ஜன்னல் மாற்றுவது முதலீடு அல்ல, செலவு

பி.காம். படிக்கிற பையனுக்கு ஜன்னலைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்கு ரம்பம் பிடிக்கத் தெரியாது, இழைப்புளி பிடிக்கத் தெரியாது. ஆனால் கொட்டேஷன் என்று ஒரு தாளை நீட்டினால் மேலிருந்து கீழ் வரை படிக்கத் தெரியும். மூன்று வருடப் படிப்பில் உருப்படியாக மனதில் நின்றது அதுதான் :-)

சென்னைப் புறநகரில் எங்கள் பக்கம் இப்போது ஜன்னல் சீசன். 1980களிலும் 90களிலும் கட்டிய தனி வீடுகள் நிறைய உள்ள பகுதி இது. மரச் சட்டம், அதில் இரும்புக் கம்பி, வெளிப்பக்கம் திறக்கும் இரட்டைக் கதவுகள், மேலே ஒரு சன்ஷேட். எல்லா வீட்டிலும் ஒரே அச்சு. இப்போது ஒவ்வொரு வீடாக அதைப் பெயர்த்துப் போட்டுவிட்டு வெள்ளை வெளேரென்று யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னல் வைக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் மாற்றுகிறவர்கள் யார் என்று பார்த்தால் முக்கால்வாசிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். கையில் இருப்பது பி.எஃப்., கிராஜுவிட்டி, கொஞ்சம் ஃபிக்ஸட் டெபாசிட். அதிலிருந்து லட்சத்துக்கு மேல் எடுக்கும்போது "இது செலவு இல்லை சார், முதலீடு" என்று யாரோ சொல்லித்தான் எடுக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. ஜன்னல் மாற்றுவது தப்பில்லை. தேவைப்பட்டால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அது செலவு. செலவு என்று தெரிந்து செய்தால் எத்தனை ஜன்னல், எந்த மாதிரி, எவ்வளவு என்று யோசிப்போம். முதலீடு என்று நம்பினால் வீடு முழுக்க மாற்றிவிட்டு வருமானம் வரும் என்று காத்திருப்போம். வராது.

"கரண்ட் பில் மிச்சமாகும் சார்"

முதலில் இந்தக் கதையைப் பார்ப்போம். நான்கடிக்கு நான்கடி ஜன்னல் எட்டு. எல்லாவற்றையும் இரட்டைக் கண்ணாடி போட்டு மாற்ற 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (இந்தப் பதிவில் வருகிற விலையெல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் ரேட்டைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஏ.சி. ஓடுவதில் மாதம் 40 யூனிட் மிச்சமாகிறது என்று தாராளமாகவே வைப்போம். யூனிட் 8 ரூபாய் என்றால் மாதம் 320 ரூபாய். வருடத்தில் ஆறு மாதம் ஏ.சி. ஓடினால் 1,920 ரூபாய்.

1,20,000-ஐ 1,920-ஆல் வகுத்தால் பேபேக் பீரியட் 62 வருடம் 6 மாதம். அறுபது வயதில் ஜன்னல் மாற்றியவருக்கு 122-வது வயதில் போட்ட பணம் திரும்பி வரும்!

அதே பணத்தை 6 சதவீத டெபாசிட்டில் போட்டால் வருடத்துக்கு 7,200 ரூபாய் வட்டி. அதாவது மிச்சமாகிற 1,920 ரூபாய்க்காக 7,200 ரூபாயை விடுகிறோம். எங்கள் ஊரில் படிக்காத பாட்டி கூட இந்த வியாபாரத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஏன் இவ்வளவு குறைவாக மிச்சமாகிறது? காரணம் எளிது. இரட்டைக் கண்ணாடி ஜன்னல் குளிர்நாடுகளுக்காக வளர்ந்த சரக்கு. அங்கே வெளியே மைனஸ் 10 டிகிரி, வீட்டுக்குள் 20 டிகிரி. வித்தியாசம் 30 டிகிரி. அதுவும் இரவு பகலாக, மாதக்கணக்கில். இங்கே வெளியே 36, உள்ளே ஏ.சி. போட்ட ஒரே ஒரு அறையில் 25. வித்தியாசம் 11. அதுவும் இரவில் இன்னும் குறைந்துவிடும். மற்ற அறைகளில் ஃபேன்தான். அங்கே உள்ளேயும் வெளியேயும் ஏறக்குறைய ஒரே சூடு. தடுப்பதற்கு என்ன இருக்கிறது?

நம் ஊரில் ஜன்னல் வழியாக வருகிற பெரிய எதிரி நேரடி வெயில். சாதாரணத் தெளிவுக் கண்ணாடி அதன் மேல் விழுகிற வெயில் வெப்பத்தில் சுமார் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். அதே தெளிவுக் கண்ணாடியை இரட்டையாகப் போட்டாலும் பத்தில் ஏழு பங்கு வந்துவிடும். வெயிலைத் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடி இருக்கிறது, ஆனால் விலை வேறு. இதைவிட மலிவான வைத்தியம் வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்னாலேயே வெளியில் நிறுத்துவது. சன்ஷேட், மூங்கில் தட்டி, மேற்குப் பக்கம் ஒரு மரம். பழைய மரக் கதவைச் சாயங்காலம் சாத்தி வைத்தார்களே, அதுவும் இதே வேலைதான். பலகைக்குள் வெயில் புகாது.

காற்று என்ற கணக்கில் வராத சொத்து

கொட்டேஷனில் எங்குமே இல்லாத ஒரு விஷயம் காற்று.

இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு கதவு இன்னொன்றின் பின்னால்தான் போய் ஒளியும். ஆகவே எவ்வளவு திறந்தாலும் பாதிதான் திறக்கும். பழைய மர ஜன்னல் மாதிரி கீல் வைத்துத் திறக்கும் ஜன்னல் (கடைக்காரர்கள் கேஸ்மென்ட் என்பார்கள்) கிட்டத்தட்ட முழுசாகத் திறக்கும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018 டிசம்பரில் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்று குடியிருப்புக் கட்டடங்களுக்கு ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டது. அதில் காற்று வரும் பரப்பைக் கணக்கிடும்போது கேஸ்மென்ட் ஜன்னலுக்கு 90 சதவீதம், இரண்டு கதவு ஸ்லைடிங்குக்கு 50 சதவீதம், மூன்று கதவு ஸ்லைடிங்குக்கு 67 சதவீதம் என்று எடுக்கச் சொல்கிறது.

நம் நான்கடி ஜன்னலுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 16 சதுர அடி. கேஸ்மென்ட் என்றால் 14.4 சதுர அடி காற்று வழி. ஸ்லைடிங் என்றால் 8. ஒரே ஓட்டை, ஒரே சுவர், ஆனால் 6.4 சதுர அடி காற்று போயே போச்சு. எட்டு ஜன்னலுக்கும் சேர்த்தால் 51 சதுர அடிக்கு மேல்.

அதே தொகுப்பு சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடங்களில் தளப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு, திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. புதிய பெரிய குடியிருப்புகளை மனதில் வைத்து எழுதியது இது. நம் பழைய வீட்டை யாரும் வந்து அளக்கப் போவதில்லை. ஆனால் வியர்வைக்கு விதித்தொகுப்பு தெரியாது.

எங்கள் பெரியப்பா வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஓய்வு பெற்ற கையோடு எட்டு ஜன்னலையும் மாற்றினார். வந்த விற்பனையாளர் பழைய ஜன்னலைத் தட்டிப் பார்த்து "எல்லாம் போச்சு சார்" என்றாராம். இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி என்றாராம். அந்த வீட்டில் மதியத்துக்கு மேல் கடல் காற்று வரும். பெரியப்பா ஹாலில் ஈஸி சேர் போட்டுத் தூங்குவது அந்தக் காற்றை நம்பித்தான். இப்போது ஹாலில் மதியம் முழுக்க ஃபேன். போன கோடையில் ஹாலுக்கும் ஒரு ஏ.சி. வாங்கலாமா என்று பேச்சு வந்தது. கரண்ட் மிச்சம் பிடிக்க மாற்றிய ஜன்னல் புது ஏ.சி.யில் வந்து நிற்கிறது! போதாக்குறைக்கு ஐப்பசி மழையில் கீழ் ட்ராக்கில் தண்ணீர் தேங்கி உள்ளே வழிந்தது. ஃபோன் செய்தால் "ஆள் அனுப்பறோம் சார்" என்ற பதில்தான். பணம் முழுவதும் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, அவர்களுக்கு என்ன அவசரம்?

பெயர்த்த ஜன்னல்களை "நாங்களே இலவசமா எடுத்துட்டுப் போயிடறோம்" என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதில் நான்கு தேக்கு. பழைய தேக்குக்கு நல்ல விலை உண்டு. பழைய மரம் வாங்கி விற்கவே கடைகள் இருக்கின்றன. காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான் வியாபாரம் ஒரு தெரு முழுக்க நடக்கிறது. எங்கள் பாடத்தில் இதற்கு ஸ்கிராப் வேல்யூ என்று பெயர். பழையதின் விலையைக் கழிக்காமல் புதியதின் விலையைச் சொல்வது பாதிக் கணக்கு.

சதுர அடி ரேட் என்ற மாயை

சரி, மாற்றத்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்குகிறீர்கள். எல்லோரும் முதலில் பார்ப்பது சதுர அடி ரேட்டைத்தான். அங்கேதான் சறுக்கல்.

எட்டு ஜன்னல், 128 சதுர அடி. முதல் ஆள் 650 ரூபாய் என்கிறார். இரண்டாம் ஆள் 800 என்கிறார். யாருக்குக் கொடுப்பீர்கள்? 650-க்குத்தானே? கீழே பாருங்கள்.

முதல் ஆள்:
ஜன்னல் 128 x 650 = 83,200
கொசு வலைக் கதவு தனி, 128 x 80 = 10,240
கிரில் தனி, 8 x 2,000 = 16,000
பழசைப் பெயர்த்து சுவர் பூசுவது, 8 x 800 = 6,400
வண்டிக் கூலி 3,000
கூட்டினால் 1,18,840. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 21,391. மொத்தம் 1,40,231.

இரண்டாம் ஆள்:
எல்லாம் சேர்த்து 128 x 800 = 1,02,400. ஜி.எஸ்.டி. 18,432. மொத்தம் 1,20,832.

ரேட் குறைவாகச் சொன்னவர் 19,000 ரூபாய்க்கு மேல் அதிகம். இது உதாரணக் கணக்குதான். ஆனால் கொட்டேஷன்கள் இப்படித்தான் ஏமாற்றும்.

கிரில் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய மர ஜன்னலில் கம்பி சட்டத்தோடு சேர்ந்தது. சட்டத்தைப் பெயர்த்தால் கம்பியும் போய்விடும். தரைத்தள வீட்டில் கம்பி இல்லாமல் யாராவது படுப்பார்களா? ஆக, ஏற்கெனவே நம்மிடம் இருந்த ஒன்றை மறுபடியும் காசு கொடுத்து வாங்குகிறோம்.

இன்னும் மூன்று கேள்விகளைத் தாளில் எழுதி வாங்கச் சொல்வேன். ஒன்று, யுபிவிசி சட்டத்துக்குள் துரு பிடிக்காத பூச்சுள்ள இரும்புப் பட்டை உண்டா, எத்தனை மில்லிமீட்டர்? யுபிவிசி தனியாகப் பெரிய அளவைத் தாங்காது. உள்ளே இரும்பு வைத்துத்தான் விறைப்பு வரும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்பதால் இதில்தான் கை வைப்பார்கள். இரண்டு, கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர், எந்த வகை? மூன்று, ரோலர், கீல், பூட்டு இவற்றுக்கு எத்தனை வருட உத்தரவாதம்? சட்டத்துக்குப் பத்து வருடம் என்பார்கள். ஆனால் முதலில் மக்கர் செய்வது சட்டம் இல்லை, ரோலர்தான்.

வட்டியில்லாத் தவணை

"மாதம் 10,000 தான் சார், வட்டியே கிடையாது" என்பது அடுத்த அம்பு. 12 மாதம், மொத்தம் 1,20,000. விலையும் 1,20,000. சரிதானே என்று தோன்றும். இப்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு?"

பத்து சதவீதம் குறைத்து 1,08,000 என்பார். தவணைக்கு 2,000 ரூபாய் பிராசஸிங் கட்டணம் வேறு. அப்படியானால் உங்களுக்கு நிஜமாகக் கிடைக்கிற கடன் 1,06,000. அதற்கு 12 மாதம் 10,000 கட்டுகிறீர்கள். இதை வட்டி விகிதமாக மாற்றினால் மாதம் ஏறக்குறைய 1.96 சதவீதம், வருடத்துக்கு 23 சதவீதத்துக்கு மேல். வட்டி இல்லை என்று சொன்ன கடன், நகைக் கடனை விடக் கடுமையாக இருக்கிறது!

ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே இந்தப் பூஜ்ய வட்டித் திட்டங்களைக் கண்டித்து வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது, அது வேறு ஏதோ பெயரில் வாடிக்கையாளர் தலையில்தான் விழுகிறது என்பதுதான் சாரம். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்கு முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கை ஒன்றைக் கொடுக்க வேண்டும், அதில் கட்டணமெல்லாம் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் இருக்க வேண்டும் என்றும் விதி வந்துவிட்டது. (கிரெடிட் கார்டு பாக்கிக்கு இது பொருந்தாது.) கேட்டு வாங்குங்கள். ஆனால் விட்டுக்கொடுத்த ரொக்கத் தள்ளுபடி அந்தத் தாளில் தெரியாது. அதை நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

"வரி விலக்கு உண்டு" என்பதும் அரை உண்மை. குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டிக்கு வருடம் 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு. ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். புதிய முறைக்கு மாறியவருக்கு ஒன்றும் இல்லை.

அப்படியானால் எப்போதுதான் மாற்றுவது?

நான் மர ஜன்னல் ரசிகர் மன்றத் தலைவன் இல்லை. மாற்றியே ஆக வேண்டிய வீடுகள் உண்டு.

கரையான் சட்டத்துக்குள் போய்விட்டால் மாற்றுங்கள். தட்டினால் பொத்பொத்தென்று சத்தம் வரும், ஸ்க்ரூ டிரைவர் குத்தினால் இறங்கும். கடலோரம் இருந்து இரும்பு ஜன்னல் உப்புக் காற்றில் துருப்பிடித்துச் சட்டமே உதிர்ந்தால் மாற்றுங்கள். அங்கே யுபிவிசிதான் சரி. வீடு மெயின் ரோட்டில் இருந்து பஸ் ஹாரனில் குழந்தை தூங்க முடியவில்லையா, அந்த அறை ஜன்னலை மட்டும் நல்ல ரப்பர் சீல் வைத்த கேஸ்மென்டாக மாற்றுங்கள். சத்தம் குறையும். தூக்கத்துக்குப் பேபேக் பீரியட் போட முடியாது. அது செலவுதான், ஆனால் நல்ல செலவு.

கதவு தொங்குகிறது, தாழ்ப்பாள் விழவில்லை, பெயின்ட் உரிந்துவிட்டது, கொசு வருகிறது என்பதெல்லாம் ஜன்னல் மாற்றும் காரணங்கள் இல்லை. கீல் மாற்றலாம், கதவு அடிப்பக்கம் இழைக்கலாம், மக்கு வைத்து பெயின்ட் அடிக்கலாம், வலை அடிக்கலாம். அதற்கு வேண்டியது ஒரு நல்ல தச்சர், இரண்டு நாள் கூலி. சட்டம் நன்றாக இருந்து கதவு மட்டும் போயிருந்தால் கதவை மட்டும் புதிதாகச் செய்யலாம். கம்பியும் தப்பும், சுவரும் தப்பும்.

சிக்கல் என்னவென்றால், தச்சருக்கு விளம்பரம் இல்லை, ஷோரூம் இல்லை, தவணைத் திட்டமும் இல்லை. ஆகவே ரிப்பேர் என்ற மூன்றாவது கொட்டேஷன் நம் மேஜைக்கு வருவதே இல்லை. அதை நாமே போய்த் தேடி வாங்க வேண்டும். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை நினைவு வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

பணம் கொடுக்கிற முறை

காண்ட்ராக்ட் காஸ்டிங் பாடத்தில் ரிடென்ஷன் மணி என்று ஒன்று வரும். வேலை கொடுத்தவர் பில் தொகையில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு, குறை ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு கொடுப்பது. பாலம் கட்டுகிறவருக்கு மட்டும்தான் இது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. வீட்டுக்கும் செய்யலாம்.

அட்வான்ஸ் 40, ஜன்னல் வீட்டுக்கு வந்து அளவு பார்த்ததும் 30, பொருத்தி முடித்ததும் 20. கடைசி 10 சதவீதம் ஒரு நல்ல மழைக்குப் பிறகு. நம் ஊரில் ஜன்னலுக்குப் பரீட்சை வைப்பது வடகிழக்குப் பருவமழைதான். செப்டம்பரில் பொருத்தச் சொன்னால் அக்டோபர், நவம்பரில் தெரிந்துவிடும். இதற்கு ஒத்துக்கொள்ளாத ஆள் தன் வேலையைத் தானே நம்பவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். இதையும் முன்கூட்டியே கொட்டேஷனில் எழுதிவிடுங்கள். வேலை முடிந்த பிறகு சொன்னால் சண்டைதான் வரும்.

"பில் வேண்டாம்னா 18 சதவீதம் மிச்சம்" என்பார்கள். பில் இல்லாவிட்டால் உத்தரவாதம் வெறும் வாய்ப்பேச்சு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கூட இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் எங்கே போனாலும் முதலில் கேட்பது பில்லைத்தான். அந்த 18 சதவீதத்தை வரி என்று பார்க்காமல் காப்பீட்டு பிரீமியம் என்று நினைத்துக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. எட்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். மோசமான ஒரு ஜன்னலை மட்டும் மாற்றி ஒரு கோடை, ஒரு மழை பாருங்கள். "ஒண்ணுக்கெல்லாம் கட்டுப்படியாகாது சார்" என்பார்கள். கொஞ்சம் ரேட் கூடத்தான் இருக்கும். ஒரு ஜன்னலுக்கு இரண்டாயிரம் அதிகம் கொடுத்து ஏழு ஜன்னல் தவறாகப் போகாமல் தடுத்தால் யாருக்கு லாபம்?

பெரியவர்கள் முப்பது வருடம் வேலை பார்த்துச் சேர்த்த பணம் இது. அதைக் கேட்டு வருகிறவரிடம் சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், இந்த ஜன்னலுக்கு என்ன வியாதி என்று கேளுங்கள். வியாதியைச் சொல்ல முடியாதவரிடம் மருந்து வாங்க வேண்டாம்.